சிவப்பு தெரியாத வெளிச்சம்

லாரி கொத்தளப் பூங்காவின் வாசலில் வந்து நின்றபோது பகல் பதினோரு மணி. மண்டையைப் பிளக்கிற வெயில். வைக்கோல் திணித்த மரப்பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி வேப்பமரத்து நிழலில் அடுக்கினோம். பெட்டிக்குள்ளே உரித்த தேங்காய் அளவுக்குப் பெரிய கண்ணாடிக் குமிழ்கள். மெர்க்குரி விளக்கு. அந்தத் தெருவுக்கு அப்போது அது புதுசு. திகில் கதையை இப்படித் தொடங்குவது உங்களுக்குச் சப்பென்று இருந்தால் நான் என்ன செய்ய? நடந்தது இப்படித்தான் தொடங்கியது.

என் பெயர் வேதமணி. சொந்த ஊர் நாசரேத். வயர்மேன் வேலை. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று எல்லாரும் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் பொய் சொல்லுவேன் என்று இதுவரை எவனும் சொன்னதில்லை. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் முகத்துக்கு நேரே சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பெல்லாம் எழுபத்து நாலாம் வருஷம் வைகாசி மாதத்தோடு போயிற்று.

என்னோடு ஜோடியாக வேலை பார்த்தவர் செல்வதுரை. என் தங்கை கிருபையின் வீட்டுக்காரர். சாத்தான்குளத்துப் பக்கம், கடல் எட்டாத செம்மணல் தேரிக்காட்டு ஆள். நல்ல வேலைக்காரர், சிரித்த முகம். கம்பத்தில் ஏறினால் அணில்தான். ஆனால் தண்ணீரைக் கண்டால் ஆகாது, குளத்தில் முழங்காலுக்கு மேல் இறங்கமாட்டார். அந்தச் சம்பந்தத்தை நான்தான் பார்த்து முடித்தேன். கல்யாணமாகி அப்போது ஏழு மாதம்.

புதுத் துறைமுகத் திறப்பு விழா நெருங்கிக்கொண்டிருந்தது. பெரிய மனிதர்கள் வரப்போகிறார்கள், பழைய பூங்காவும் அதை ஒட்டிய கொத்தளத் தெருவும் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று எங்கள் காண்டிராக்டர் ஞானதீபத்திடம் வேலையைக் கொடுத்திருந்தார்கள். ஒல்லாந்தர் காலத்துச் சுவர் ஒன்று பூங்காவின் கடலோரத்தில் பாதி இடிந்து நிற்கும். வாசலிலிருந்து அந்தச் சுவர்வரை பன்னிரண்டு வார்ப்பிரும்புக் கம்பங்கள். அந்தக் காலத்தில் எண்ணெய் விளக்கு எரிந்தவை, பிறகு அறுபது வாட் பல்பு மாட்டியவை. மாட்டியது பதினொன்றில்தான். சுவருக்குப் பக்கத்தில் தனியாக நின்ற பன்னிரண்டாவது கம்பத்தில் பல்பும் இல்லை, பல்பு இருந்த அடையாளமும் இல்லை.

நாலு நாளில் பதினொரு கம்பங்களை முடித்தோம். பழைய கம்பத்தின் தலையில் குழாயைச் செருகி உயரத்தைக் கூட்டி, அதிலே வளைந்த கையை மாட்டி, விளக்கைத் தொங்கவிட்டோம். ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் பீஸ் கட்டை; அதைப் பிடுங்கினால் கம்பத்துக்குக் கரண்ட் போகாது. எங்கள் வேலையில் ஒரு சட்டம் உண்டு. ஏறுகிறவன் தன் கையால் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவான். கீழே நிற்பவன் அண்ணன் தம்பியாக இருந்தாலும் அவனிடம் கொடுக்கமாட்டான். உயிர் தன் பையில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

நாலாம் நாள் சாயங்காலம் பதினொன்றையும் எரியவிட்டோம். வேடிக்கை பார்க்கத் தெருவே கூடிவிட்டது. கிருபையும் வந்திருந்தாள், கல்யாணத்துக்கு எடுத்த சிவப்புச் சேலையைக் கட்டிக்கொண்டு. மெர்க்குரி விளக்கு போட்டவுடன் எரியாது. முதலில் கத்தரிப்பூ நிறத்தில் மங்கலாக ஒன்று முழிக்கும். நாலைந்து நிமிஷம் கழித்துத்தான் நீலமும் பச்சையுமாக வெள்ளை வெளிச்சம் ஏறும். அது ஏற ஏற, கூட்டத்தின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

எல்லார் முகமும் வெளிறிப்போயிருந்தது. எல்லார் உதடும் கறுப்பு.

"அய்யோ அண்ணே, என் சேலையப் பாரேன்! கரிச்சட்டி தொடச்ச துணி மாதிரில்லா இருக்கு" என்றாள் கிருபை. பக்கத்தில் நின்றவளின் நெற்றிக் குங்குமத்தைக் காட்டி, "அவுகளுக்கு நெத்தியில ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு" என்று காதோடு சொன்னாள். ஞானதீபம் பெருமையாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இந்த வெளிச்சத்துல செவப்பு கெடையாதும்மா. செவப்பு எதுவா இருந்தாலும் கறுப்பாத்தான் தெரியும். வெளிநாட்டுலயும் இப்படித்தான்." செல்வதுரை கிருபையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏளா, தண்ணிக்குள்ள ரெண்டு நாள் கெடந்து வந்தவ மாதிரி இருக்கே" என்று சிரித்தார். அவள் அவர் முதுகில் ஒரு அடி போட்டாள். நானும் சிரித்தேன்.

சிரிக்காமல் நின்றவள் ஒருத்திதான். பூங்கா வாசலில் சுண்டல் விற்கிற விக்டோரியா. நாற்பத்தைந்து வயசு இருக்கும், கடற்கரைக்காரி, வெள்ளைச் சேலை. கூடையைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"பதினொண்ணு போட்டாச்சு. அதோட நிறுத்திக்கோங்க."

"ஏன்? பன்னெண்டு இருக்கே" என்றேன்.

"இருக்கட்டும். அதுல போடாதீங்க. போட்டா ஒங்க கைய ஒடிச்சிருவேன்."

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "நீ யாரு சொல்லுததுக்கு? பூங்கா ஒன் வீட்டுச் சொத்தா?" என்று கத்தினேன். செல்வதுரைதான் இடையில் வந்து, "இரும் மச்சான், அவுக சொல்லுதத கேப்போம். என்ன விசயம்க்கா?" என்று பதமாகக் கேட்டார். அவள் என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் அவரிடம் சொன்னாள்.

"கடேசியா முத்துக்குளிப்பு நடந்துச்சுல்லா, அந்த வருசம். என் வீட்டுக்காரரு கல்லக் கட்டிக்கிட்டு எறங்குனாரு. மேல படகுல இருந்து கயிறு பிடிச்சது என் தம்பி. எங்க ஆளுகள்ல கயிறு பிடிக்கிறது பொஞ்சாதி கூடப்பொறந்தவனாத்தான் இருக்கணும். மத்தவன நம்ப முடியாது. அக்கா தாலிய நெனச்சி மச்சான்காரன் கயித்த விடமாட்டான். அந்த நம்பிக்கையிலதான் எறங்குவாங்க."

அவள் கடல் பக்கம் கையைக் காட்டினாள்.

"கீழேருந்து ஒரு சுண்டு சுண்டுனா, என்னத் தூக்குன்னு அர்த்தம். அவரு சுண்டியிருக்காரு. அந்நேரம் பாத்து சுறா, சுறான்னு எவனோ கத்தியிருக்கான். என் தம்பி பயந்து கயித்த விட்டுட்டான். பெறவு எத்தனை பேரு எறங்கித் தேடியும் ஆள் கிடைக்கல."

"பாவம்" என்றார் செல்வதுரை.

"மூணு ராத்திரி அந்தக் கம்பத்துல விளக்குத் தொங்கவிட்டோம். கடல்ல போனவன் வெளிச்சத்தப் பாத்துக் கரைக்கு வருவான். மூணு நாளைக்குள்ள வந்தா அது உடம்பு, குழி வெட்டிப் பொதைக்கலாம். அதுக்குப் பெறவு வந்தா அது உடம்பு இல்ல." அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "மூணாம் நாள் விடிஞ்சதும் விளக்க அணச்சிருவோம். பெறவு அதுல ஒரு தீக்குச்சி கூடக் கிழிக்கக் கூடாது. பதிமூணு வருசமா யாரும் கிழிக்கல."

ஞானதீபம் கையை உதறினார். "விழாவுக்கு வாரவங்ககிட்ட, அங்கன பேய் இருக்கு, அதான் இருட்டுன்னு நான் சொல்லவா? பன்னெண்டு கம்பம்னா பன்னெண்டும் எரியணும்."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டாள். போகும்போது ஒருதரம் திரும்பிக் கடலைப் பார்த்தாள். அது பயந்தவள் பார்வையாக எனக்குப் படவில்லை. வண்டி வருமா என்று பார்க்கிறவள் பார்வை.

மறுநாள் மத்தியானம் பன்னிரண்டாவது கம்பத்தில் கைவைத்தோம். வேலை ஓடவேயில்லை. ஆணி இறங்காது, மரை பிடிக்காது. மற்ற கம்பங்களில் காக்கை எச்சம் வழிந்திருக்கும், இதில் ஒரு சொட்டு இல்லை. ஆறு மணிக்குத்தான் முடிந்தது. ஞானதீபம் மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பதினொரு விளக்கும் முழித்து வெளிச்சம் ஏறின. பன்னிரண்டாவது மட்டும் இருட்டாக நின்றது. பதினோராவது விளக்கின் வெளிச்சம் அதுவரை எட்டவில்லை.

"ஹோல்டர்ல தொடலபோல. நான் ஏறிப் பாக்கேன்" என்றார் செல்வதுரை. எங்களிடம் பெல்ட் கில்ட் ஒன்றும் கிடையாது. கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறுவார், கம்பத்தின் கைமேல் அதைப் போட்டு மறுபக்கம் கீழே விடுவார், அதை நான் இழுத்துப் பிடித்துக்கொள்வேன். கால் வழுக்கினால் நான்தான் அவருக்குக் காப்பு.

பெட்டியைத் திறந்து பீஸ் கட்டையைப் பிடுங்கினார். பையில் போடப்போனவர், என்ன தோன்றியதோ, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்தாரும் மச்சான், இதையும் நீரே வச்சிக்கிடும். கயிறு பிடிக்கிற மச்சான்கிட்ட எல்லாத்தையும் குடுத்துறணும்லா? அந்த அக்கா சொல்லுச்சே."

"சட்டம் தெரியும்லா மாப்ள. ஒம்ம பையிலயே போடும்."

"உம்ம தங்கச்சி தாலி உம்ம கையிலதானவே இருக்கு. இதுவும் இருக்கட்டும்."

வாங்கி என் சட்டைப் பையில் போட்டேன். விளையாட்டுக்குத்தான். அந்த ஒரு விளையாட்டுக்காக நான் இன்றைக்குவரை அழுகிறேன்.

அவர் ஏறினார். மேலே போய்க் கம்பத்தின் கையில் உட்கார்ந்து ஹோல்டரைத் திருகுவது நிழலாகத் தெரிந்தது. காற்று நின்றுபோயிருந்தது. தெருப்பக்கம் பிள்ளைகள் விளையாடும் சத்தம், சைக்கிள் மணி, மாதா கோயிலில் அந்தி செபத்துக்கு அடிக்கிற திருந்தாதி மணி. எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மணி ஓய்ந்தபோது மற்றச் சத்தங்களும் ஓய்ந்துவிட்டதைக் கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தேன்.

அப்போது அந்த நாற்றம் வந்தது.

இந்த ஊரில் வயசானவர்கள் எல்லாருக்கும் அது தெரியும். முத்துக்குளிப்புக் காலத்தில் சிப்பியைக் குவியல் குவியலாகக் கரையில் அழுகப்போடுவார்கள். சதை அழுகிப் புழுத்துக் கரைந்தபிறகு முத்தை அரித்தெடுப்பார்கள். அந்த நாற்றம் ஊரை அடித்துத் தூக்கும், சோற்றில்கூட ஏறும். பதிமூன்று வருஷமாக அது இந்தக் கரையில் இல்லை. இப்போது என் மூக்குக்கு நேரே இருந்தது.

என் கையிலிருந்த கயிறு சுண்டியது.

ஒரே ஒரு சுண்டு.

"என்னவே? குறடு வேணுமா?" என்று மேலே பார்த்துக் கேட்டேன்.

மேலிருந்து வந்த குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

"மச்சான்... நான் இழுக்கலையே."

மறுபடியும் ஒரு சுண்டு. இந்தத் தடவை எனக்கு நன்றாகத் தெரிந்தது. அது மேலிருந்து வரவில்லை. எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தேன். மிச்சக் கயிற்றைச் சுருட்டி என் காலடியில் போட்டிருந்தேன். சுருளைக் காணோம். கயிறு என் கையிலிருந்து நேராக, விறைப்பாக, இடிந்த சுவரைத் தாண்டிக் கடலைப் பார்த்துப் போயிருந்தது. அதன்மேல் தண்ணீர் வழிந்து என் விரல்களுக்கு வந்தது. குளிர்ந்த தண்ணீர். வைகாசி மாதத்துக் கடல் அப்படிக் குளிராது.

"மாப்ள, எறங்கிரும். எறங்கிரும்வே!"

"மச்சான், லைட்டு..."

தலைக்குமேலே கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று முழித்தது.

பைக்குள் கையை விட்டேன். பீஸ் கட்டை என்னிடம்தான் இருந்தது. கம்பத்துக்குக் கரண்ட் கிடையாது. ஆனால் விளக்கு எரிந்தது. நாலைந்து நிமிஷம் எல்லாம் அதற்குத் தேவைப்படவில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமும் பச்சையுமாக ஏறி, சுவரையும் மண்ணையும் என் கையையும் பிணமாக்கியது.

அந்த வெளிச்சத்தில், கம்பத்தின் கைமேல் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருவர் செல்வதுரை. இன்னொருவன் அவருடைய முதுகோடு ஒட்டி, அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கயிறு இழுத்தது. சுண்டு இல்லை இப்போது, இழுப்பு. என் கால் மண்ணில் சரிந்தது. ஒரு அடி. இரண்டு அடி. சுவரை நோக்கி என்னை மாட்டைப்போல இழுத்துக்கொண்டு போயிற்று. உள்ளங்கை கிழிந்தது. மேலே செல்வதுரை இடுப்புக் கயிறு இறுகிக் கம்பத்தோடு நசுங்கினார்.

"மச்சான், விட்டுராதீரும்! மச்சான்!"

சுவர் என் முழங்காலில் இடித்தது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் கயிற்றைப் பிடித்திருப்பது எதுவென்று தெரிந்திருக்கும்.

நான் பார்க்கவில்லை.

நான் விட்டுவிட்டேன்.

என் தங்கையை நினைத்தேனா என்று கேட்காதீர்கள். நினைக்கவில்லை. என் உயிரை மட்டும்தான் நினைத்தேன். கயிறு கையை அறுத்துக்கொண்டு ஓடியது, விளக்கு அணைந்தது, ஆள் விழுகிற சத்தம் கேட்டது.

தரையில் விழுகிற சத்தம் இல்லை. ஆழமான தண்ணீரில் விழுகிற சத்தம்.

கம்பத்தின் அடியில் காய்ந்த மண். கடல் அங்கிருந்து நூறு அடி தள்ளி, வற்றி உள்வாங்கிக் கிடந்தது. நான் இருட்டில் நாலுகாலில் தவழ்ந்து கம்பத்தைச் சுற்றித் தடவினேன். "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டேன். என் கைக்கு மண்தான் அகப்பட்டது. கர்த்தரே, கிருபை முகத்தில் எப்படி முழிப்பேன் என்று வாய்விட்டு அழுதேன்.

முதுகுக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. அணைந்த மெர்க்குரி விளக்கு ஆறாமல் மறுபடி எரியாது. இது அடுத்த மூச்சில் எரிந்தது.

செல்வதுரை கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு காயம் இல்லை. இடுப்பில் கயிறு அப்படியே கட்டியிருந்தது, அதன் மறுமுனை மண்ணில் கிடந்து சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உயிர் வந்தது. எழுந்து ஓடினேன். கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினேன். நீட்டிய என் உள்ளங்கையில் ரத்தம் கறுப்பாக வழிந்தது.

அவருடைய உதடு சிவப்பாக இருந்தது.

வெற்றிலை போட்ட வாய்போல நல்ல சிவப்பு. கண்ணின் ஓரத்தில் சிவப்பு. நகத்தடியில் சிவப்பு. சிவப்பே கிடையாத அந்த வெளிச்சத்தில் அவர் மட்டும் பகல் வெயிலில் நிற்கிற மாதிரி நின்றார்.

"கயித்த ஏன் விட்டே, மச்சான்?" என்றார்.

அப்போதுதான் விக்டோரியாவைப் பார்த்தேன். பதினோராவது கம்பத்துப் பக்கமிருந்து மெதுவாக வந்தாள். அவள் முகம் வெளிறி, உதடு எங்களைப்போலவே கறுத்துத்தான் இருந்தது. அவருக்கு எதிரே வந்து நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டாள்.

"வந்துட்டியளா" என்றாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு கேட்டார்: "கஸ்பார் எங்க?"

கஸ்பார் யார் என்று எனக்குத் தெரியாது. முந்தின நாள் அவள் எங்களிடம் எந்தப் பெயரும் சொல்லவில்லை.

"என் தம்பி போய்ச் சேந்துட்டான். மஞ்சக்காமாலை. ரெண்டு வருசம் ஆச்சு" என்றாள் விக்டோரியா.

அவர் இதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார். சிவந்த உதடு மெல்ல விரிந்தது. "சரி. அதான் இவன் இருக்கானே" என்றார்.

ஞானதீபம் டீக்கடையிலிருந்து வந்து, பன்னிரண்டும் எரிவதைப் பார்த்து என் முதுகில் தட்டினார். கால் வழுக்கிவிட்டது, ஒன்றும் அடியில்லை என்று செல்வதுரையே அவரிடம் சொன்னார். வழக்கமான குரல்தான், வழக்கமான சிரிப்புதான். வீட்டில் கிருபை அவருக்குச் சுடுசோறு போட்டாள். மீன் குழம்பு. தேரிக்காட்டு மனுஷர் முள்ளைத் துப்பாமல் மென்று விழுங்கினார். அவளிடம் நான் என்னத்தைச் சொல்ல? உன் புருஷன் கம்பத்தில் ஏறினான், இறங்கியது யாரென்று தெரியவில்லை என்றா? கயிற்றை விட்டவன் நான் என்றா?

பீஸ் கட்டையை நான் திரும்ப மாட்டவேயில்லை. இதோ, இன்றைக்கும் என் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. பன்னிரண்டாவது விளக்கும் ஆறு மணியானால் எரியத்தான் செய்கிறது.

நான் அந்த வேலையை விட்டு, ஒரு கம்பெனிக்குள்ளே மோட்டார் பார்க்கப் போய்விட்டேன். செல்வதுரையும் விட்டார். அவர் போனது சங்குகுளிக்கு. குளத்தில் முழங்காலுக்கு மேல் இறங்காத மனுஷர்! தண்ணிக்குள்ளே நாலு ஆள் மூச்சு இவருக்கு இருக்கிறது என்று கடற்கரையில் எல்லாரும் அதிசயப்படுகிறார்கள். படகு விக்டோரியாவுடைய தம்பியின் பழைய படகு, அவள்தான் கொடுத்தாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்து என் வீட்டுக்கு வருவார். உட்காரமாட்டார், வாசலில் நின்றே கேட்பார்: "கயிறு பிடிக்க ஆள் இல்ல மச்சான். வாரியா?" நான் ஏதாவது சாக்கு சொல்லுவேன். அவருக்குக் கோபமே வராது. அடுத்த ஞாயிறு மறுபடியும் வந்து நிற்பார். நாலு வருஷம் ஆகிறது. ஒரு ஞாயிறு தவறவில்லை.

இன்றைக்கும் ஞாயிறுதான், ஆனால் அவர் வரவில்லை. கிருபை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள்.

முத்தையாபுரத்தில் அவள் வீடு. நான் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். அங்கேயும் தெருவுக்கு மெர்க்குரி விளக்கு வந்துவிட்டது, அவள் வீட்டு வாசலுக்கு நேரே ஒன்று. வாசற்படியில் உட்கார்ந்து செல்வதுரை புதுக் கயிறு ஒன்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கிருபை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அண்ணே, நேத்து இவருக்குக் கயிறு பிடிச்ச பய தூங்கிட்டானாம். இவரு சுண்டியும் பாக்கலையாம். ஏதோ கர்த்தர் புண்ணியத்துல மேல வந்தாரு. வேற எவன் பிடிச்சாலும் எனக்கு ஈரக்கொலை நடுங்குது. கூடப்பொறந்தவன் நீ ஒருத்தன்தான இருக்கே. நீ பிடிச்சா நான் நிம்மதியாத் தூங்குவேன். எனக்காவ வாண்ணே."

அவள் உதடு கறுத்துத் துடித்தது. ஒருதரம் அவள் தாலியை நான் கைவிட்டுவிட்டேன், அது அவளுக்குத் தெரியாது. மாட்டேன் என்று எந்த வாயால் சொல்ல?

"சரி" என்றேன்.

படியில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி சுருட்டத் தொடங்கியது. விடியற்காலை நாலு மணிக்குப் படகு. அதற்கு முன்னால் யாராவது ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும் என்றுதான் இதையெல்லாம் இந்த ராத்திரியில் எழுதி வைக்கிறேன்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. நான் கிளம்பி விளக்குக் கம்பத்தடிக்கு வந்தபோது, என் தோளில் கிடந்த துண்டு பின்னால் சுண்டியது. ஒரே ஒரு சுண்டு. திரும்பினேன். கிருபையின் மகள் ஜெபகனி, மூன்று வயசு, துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுண்டிவிட்டு, நான் இழுப்பதற்காகக் காத்திருந்தாள். அண்ணாந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த வெளிச்சத்தில் அவள் உதடு நல்ல சிவப்பாக இருந்தது.

துண்டை விடுவித்துக்கொள்ளப் பார்த்தேன். அவள் விடவில்லை.